இழுத்தால் திறக்கும்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் சௌகரியம். அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் பேச ஆரம்பித்துவிடுகிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்?

போன வாரம் நீ போன் செய்தபோது நான் "சரி, சரி" என்று சொன்னதெல்லாம் எதற்கு என்று எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் தகரம் அடிக்கிற சத்தத்தில் நின்று என் காது பாதி போய்விட்டது. டாக்டரும் இனிமேல் திரும்பாது என்று சொல்லிவிட்டார். செவிடன் காதில் சங்கு ஊதாதே, கடிதம் போடு. எழுத்துக்கு என் கண் போதும்.

சொல்ல வந்த விஷயம் வேறு. எங்கள் பட்டறையில் நீண்ட தூர பஸ்களுக்குப் புதிய கூடு கட்டுகிறோம். அவசர ஜன்னலை என் தலையில் கட்டிவிட்டார்கள். வரைபடம், கண்ணாடி, கீல், பூட்டு, பரிசோதனை எல்லாம் நானே. முதல் ஆர்டர் யாருக்குத் தெரியுமா? உன் முதலாளிக்குத்தான். நான் செய்கிற ஜன்னலை நீ ஓட்டப்போகிறாய்.

அதனால் கேட்கிறேன், மழுப்பாமல் சொல். இத்தனை வருஷம் வண்டி ஓட்டுகிறாய். அந்த ஜன்னலை யாராவது திறந்து பார்த்திருக்கிறாயா? பயணிகள் அதை என்ன செய்கிறார்கள்? நான் மேஜையில் உட்கார்ந்து கோடு போடுகிறவள். அந்தக் கோட்டை நம்பி உள்ளே உட்காருகிறவர்கள் உன்னோடுதானே இருக்கிறார்கள்.

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள். இதை எழுதாவிட்டால் கடிதத்தை ஒட்ட விடமாட்டாள்.

இப்படிக்கு,
அக்கா


ஜனவரி 27

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு பேரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். அம்மாவிடம் நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல். எந்த வேளை என்று கேட்டால் பேச்சை மாற்று.

அவசர ஜன்னலைப் பற்றிக் கேட்டாய். உள்ளதைச் சொல்கிறேன், கோபப்படாதே. அந்தச் சிவப்புக் கைப்பிடி ஈரத் துண்டு காயப்போடுவதற்கு என்று பயணிகள் முடிவு செய்துவிட்டார்கள். கண்ணாடி உடைக்கிற சுத்தியல் முதல் மாதமே யாரோ வீட்டில் ஆணி அடிக்கப் போய்விடும். இருந்த இடத்தில் கொக்கி மட்டும் தொங்கும். "அவசர வழி எங்கே?" என்று கேட்டுப் பார், பத்துக்கு எட்டுப் பேர் கழிவறையைக் காட்டுவார்கள்.

ஒரு தடவை ஒரு வாண்டு கைப்பிடியை இழுத்துவிட்டது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறேன், ஜன்னல் படாரென்று இறக்கை விரித்தது. உள்ளே ஒரே காற்று, ஒரே கூச்சல். அந்தப் பையனின் அப்பா என்னைத் திட்டினார்: "என்ன வண்டி ஓட்டறீங்க, தொட்டா திறக்குது!" நான் சொன்னேன், "தொட்டா திறக்கணும்னுதான் சார் வச்சிருக்கு." அவருக்குப் புரியவில்லை. முதலாளிக்கும் புரியவில்லை. எனக்கு ஒரு மெமோ வந்ததுதான் மிச்சம்.

முதலாளிக்கு அவசர ஜன்னல் என்றாலே வேப்பங்காய். கடகடவென்று ஆடுகிறது, ஏசி போய்விடுகிறது, மழை பெய்தால் ஒழுகுகிறது, பயணிகள் புகார் எழுதுகிறார்கள். எங்கள் மேனேஜர் இருக்கிறாரே, எதைக் கேட்டாலும் "அப்புறம்" என்பார், அதனால் அவருக்குப் பெயரே அப்புறம். அவர் ஒன்றுக்கு மட்டும் அப்புறம் சொல்லவில்லை. அது என்னவென்றால்... சரி, அதை விடு.

ஆடாத, ஒழுகாத ஜன்னலாகச் செய் அக்கா. அது போதும்.

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம்தான். அம்மா உன் கடிதத்தை என்னை இரண்டு தடவை படிக்கச் சொல்லி, வாண்டு கதைக்கு இரண்டு தடவையும் சிரித்தாள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. புதிய கூட்டை கிரேன் வைத்துப் பக்கவாட்டில் சாய்த்துப் போடச் சொன்னேன். நிற்கிற வண்டியில் ஜன்னல் திறந்தால் என்ன பிரயோஜனம்? எந்த வண்டி நின்றுகொண்டு ஆபத்தில் மாட்டுகிறது? சாய்ந்த வண்டிக்குள் ஆபீஸ் ஆட்களை அனுப்பி, "வெளியே வாங்க பார்க்கலாம்" என்றேன். சாய்ந்துவிட்டால் ஒரு பக்க ஜன்னல் மண்ணுக்குள். இன்னொரு பக்கம் தலைக்கு மேலே கூரை ஆகிவிடும். கையால் தள்ளித் திறக்கிற ஜன்னலை அண்டா மூடி மாதிரி தலைக்கு மேல் தூக்க வேண்டும். கண்ணாடி என்ன கனம் தெரியுமா? கேன்டீன் அம்மாவால் எட்டவே முடியவில்லை. கணக்குப் பிரிவுக்காரர் எட்டிவிட்டார், இடுப்போடு மாட்டிக்கொண்டார். பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. "மேடம், வெளியே இழுக்காதீங்க, உள்ளே தள்ளுங்க, நான் இங்கேயே இருந்துக்கறேன்!" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

சண்டை போட்டு இரண்டு காரியம் சாதித்தேன். ஜன்னலை அகலப்படுத்தினேன். கார் டிக்கியைத் தூக்கி நிறுத்துமே, அதே மாதிரி கம்பி ஒன்றைப் போட்டேன். இப்போது ஒரு கை போதும், தானாக எழும்பும். பக்கத்தில் "இழுத்தால் திறக்கும்" என்று பெரிய எழுத்தில் ஒட்டச் சொன்னேன். ரப்பர் விளிம்பு மட்டும் எனக்குத் திருப்தியாக இல்லை. மலிவானதை வாங்கிவிட்டார்கள். "மழைக்காலம் வரட்டும் பார்ப்போம்" என்கிறார்கள். வண்டியை ஒப்படைக்க நாள் நெருங்குகிறது, நானும் தலையாட்டிவிட்டேன்.

அது இருக்கட்டும். உங்கள் மேனேஜர் அப்புறம் எதற்கு அப்புறம் சொல்லவில்லை? "அதை விடு" என்று எழுதினால் விட்டுவிடுகிற அக்காவா நான்?

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 14

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் நலம். புது வண்டிகள் வந்துவிட்டன. எனக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். சீட் அருமை. ஜன்னலெல்லாம் நன்றாக இருக்கிறது, நீ கவலைப்படாதே.

ஒரு நல்ல சேதி. உன்னை அத்தை ஆக்கப் போகிறோம். டாக்டர் நேற்றுதான் உறுதியாகச் சொன்னார். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் அழுவாள், எனக்கும் வந்துவிடும்.

மற்றவை பிறகு.

உன் தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் சேதியைக் கேட்டு அம்மா அழத்தான் செய்தாள். பிறகு தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு மட்டும் முழங்கால் வலி ஞாபகம் வரவில்லை. உன் வீட்டுக்காரியைக் கனமானது எதையும் தூக்க விடாதே.

நல்ல சேதியைக் காட்டி என் கேள்வியை மறக்கடித்துவிட்டாய் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

உங்கள் வண்டிகளில் இரண்டு ஏசி வேலைக்காக இங்கே வந்தன. என் ஜன்னலைப் பார்க்கிற ஆசையில் மற்ற வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். திரைச்சீலையை விலக்கி, கைப்பிடியை இழுத்தேன். அசையவில்லை. பூட்டு பழுதோ என்று சட்டத்தைத் தடவிப் பார்த்தேன். மூலைக்கு ஒன்றாக நான்கு ஸ்குரு, உள்பக்கத்திலிருந்து சட்டத்தைத் துளைத்து, கூட்டோடு சேர்த்து முறுக்கியிருந்தார்கள். தலை தெரியாமல் இருக்கப் பெயின்ட் வேறு. நான் ஒட்டச் சொன்ன எழுத்து அப்படியே இருந்தது.

கூட வந்த டிரைவரைக் கேட்டேன். "எல்லா வண்டியிலயும் அப்படித்தான் மேடம். முதல் மழையிலேயே ஒழுகிச்சு. மூடிடுன்னு சொல்லிட்டாங்க" என்றார். பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று எழுதிக் காட்டச் சொன்னேன். எழுதியே காட்டினார். உங்கள் அப்புறம் எதற்கு அப்புறம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் மேலாளரிடம் போய் நின்றேன். அவர் சொன்னார்: "வித்த மாட்டுக்கு நாம எதுக்கும்மா புல்லு போடணும்? வண்டி அவங்களோடது." நானே திருப்புளியை எடுத்து எல்லாவற்றையும் கழற்றினேன். அந்த டிரைவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சிரித்தார். ஊர் போனதும் திரும்ப மாட்டிவிடுவார்களாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாயே, தம்பி. "ஜன்னலெல்லாம் நன்றாக இருக்கிறது." உன் வண்டியிலும் அப்படித்தானா? ஆமாம் என்றால் எப்படி அதில் ஏறி உட்காருகிறாய்? உனக்காவது பக்கத்தில் கதவு இருக்கிறது. பின்னால் இருப்பவர்களுக்கு?

ஒழுகியது என் ஜன்னல் என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. உடனே பதில் போடு.

அக்கா


மே 16

தம்பிக்கு,

நீ சுகமா? எங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உன் பதிலும் இல்லை.

பொறுக்க முடியாமல் உன் டெப்போவுக்குப் போன் செய்தேன். யாரோ என்னவோ சொன்னார்கள், எனக்கு இரைச்சல்தான் கேட்டது. பக்கத்து மேஜைப் பெண்ணிடம் ரிசீவரைக் கொடுத்தேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவர் இப்ப வண்டியில இல்லைங்கறாங்க." வண்டியில் இல்லை என்றால்? லீவா, உடம்பா, வேறு ஏதாவதா? "அவ்வளவுதான் சொல்லிட்டு வச்சுட்டாங்க" என்றாள்.

பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். உட்கார்ந்தால் கை தானாக ஜன்னல் சட்டத்தைத் தடவுகிறது. நேற்று பக்கத்திலிருந்த ஆள் எழுந்து வேறு இடம் போய்விட்டார், என்னைத் திருடி என்று நினைத்தாரோ என்னவோ. அம்மாவிடம் நீ நலம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதே. நான் கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. இரண்டு வரி போதும்.

அக்கா


மே 29

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். அத்தைக்கும் உங்களுக்கும் என் வணக்கம். எனக்கு ஐந்தாம் மாதம். வாந்தி நின்றுவிட்டது, பசி வந்துவிட்டது. உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. இவர் படித்தார், மடித்தார், பதில் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். இவருக்குத் தெரியாது.

அண்ணி, இவருக்கு வேலை போய்விட்டது. ஜன்னலை ஸ்குரு போட்டு மூடியதும் இவர் மேனேஜரிடம் சண்டை போட்டார். அவர்கள் கேட்கவில்லை. இவர் தினமும் சாயங்காலம் வண்டியை எடுப்பதற்கு முன்னால் திருப்புளியால் எல்லாவற்றையும் கழற்றுவார், காலையில் கொண்டுபோய் விடும்போது திரும்ப மாட்டிவிடுவார். ஒரு நாள் மாட்ட மறந்துவிட்டார். அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன். வேறு வேலை கிடைக்காமலா போகும்? ஆனால் இவர் சாயங்காலமானால் வீட்டில் தங்குவதில்லை. பஸ் நிலையத்துக்குப் போகிறார். அவர்கள் வண்டிகள் வரிசையாக நிற்குமே, தெரிந்த டிரைவர்கள் கண்டும் காணாத மாதிரி இருப்பார்கள், இவர் ஏறி ஒவ்வொரு ஜன்னலாகக் கழற்றிவிட்டு வருகிறார். சட்டைப்பை நிறைய ஸ்குருவோடு வீட்டுக்கு வருகிறார். "எதுக்கு இதெல்லாம்?" என்றால், "இன்னிக்கு நாலு வண்டி நிம்மதியாப் போகும்" என்கிறார்.

போன வாரம் காவலாளிகளை வைத்துப் பிடித்துவிட்டார்கள். உதடு கிழிந்து, சட்டை கிழிந்து வந்தார். வண்டியைச் சேதப்படுத்துகிறான் என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த தடவை உள்ளே வைத்துவிடுவோம் என்று இன்ஸ்பெக்டர் என் முன்னாலேயே சொன்னார். மறுநாள் சாயங்காலம் இவர் செருப்பைத் தேடினார். நான் ஒளித்து வைத்திருந்தேன். வெறுங்காலோடு போனார்.

நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். அழுது பார்த்துவிட்டேன். உங்கள் பேச்சை மட்டும் தட்டமாட்டார். நிறுத்தச் சொல்லுங்கள், அண்ணி. ஊருக்கெல்லாம் வழி திறந்து வைத்துவிட்டு இவர் உள்ளே போய் உட்கார்ந்தால், எனக்கு யார் இருக்கிறார்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தங்கள் அன்புள்ள,
தம்பி மனைவி


ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாம் தெரியும். யார் எழுதினார்கள் என்று கேட்டு அவளிடம் சண்டை போடாதே. உதடு ஆறிவிட்டதா?

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் தடவை உன்னைத் திட்டினேன். இரண்டாவது தடவை உன்னைப் புகழ்ந்தேன். இரண்டும் உனக்கு நல்லதில்லை. உள்ளதைச் சொல்கிறேன்: நீ செய்தது சரி. ஆனாலும் நிறுத்து.

ஒரு ஆள் திருப்புளியோடு ஓடி ஓடி எத்தனை வண்டியைத் திறப்பாய்? நீ கழற்றக் கழற்ற அவர்கள் மாட்டுவார்கள். அவர்களிடம் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. உன்னிடம் ஒரு கிழிந்த சட்டைதான் இருக்கிறது. இதை மேலிடத்தில் சொல்லித்தான் தீர்க்க வேண்டும். நான் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், வரைபடத்தோடு. எங்கள் மேலாளருக்குத் தெரிந்தால் என் நாற்காலி ஆடும், ஆடட்டும். நல்ல ரப்பர் போட்டு, ஒழுகாத, ஆடாத சட்டமும் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஒழுகாவிட்டால் மூட மாட்டார்கள்.

அதுவரை பஸ் நிலையம் பக்கமே போகாதே. வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தனியாக விட்டுவிட்டு ஜெயிலில் உட்கார்ந்திருந்தால் அது வீரமா? உனக்கு நான் ஒரே ஒரு கட்டளைதான் இதுவரை போட்டிருக்கிறேன்: படிப்பை விடாதே என்று. அதை நீ கேட்கவில்லை. இதையாவது கேள்.

அக்கா


ஜூன் 28

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

அத்தையும் நீங்களும் சுகம் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. இவர் படித்து மடித்து வைத்தார். பிறகு திருப்புளியை எடுத்து என் கையில் கொடுத்தார். அன்றையிலிருந்து சாயங்காலம் வீட்டில்தான் இருக்கிறார். ஒரு இடத்தில் உட்காருவதில்லை, வாசலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறார், ஆனால் வீட்டில் இருக்கிறார்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நிம்மதியாகத் தூங்குகிறேன்.

தம்பி மனைவி


ஜூலை 17

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ பேப்பர் பார்த்திருப்பாய்.

கவிழ்ந்தது நான் ஓட்டிய வண்டிதான். இப்போது ஆமை ஓட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. எங்கள் டிரைவர்களிலேயே மெதுவாகப் போகிறவன், அதனால் அந்தப் பெயர். இந்த மாத முதல் வாரம், விடியற்காலை, நல்ல மழை. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியிருக்கிறான், சாலையோரம் மண் இளகி வண்டி வாய்க்காலில் பக்கவாட்டாகச் சாய்ந்துவிட்டது. உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. ஆமைக்குக் கை முறிந்திருக்கிறது, உயிருக்குப் பயமில்லை. பயணிகளில் ஒருவர் மட்டும் போய்விட்டார். ஒரு தையல்காரர், கடைசி வரிசை.

அக்கா, நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. முந்தின நாள் சாயங்காலமும் நான் பஸ் நிலையம் போயிருந்தேன். அந்த வண்டியில் எல்லா ஸ்குருவையும் கழற்றித்தான் வைத்தேன். உன் கடிதம் அதற்கு அப்புறம்தான் கைக்கு வந்தது. தபால்காரன் தாமதம். உன் ஜன்னல் வழியாகத்தான் பாதிப்பேர் வெளியே வந்திருக்கிறார்கள். கம்பி தூக்கிக் கொடுத்ததாம். பேப்பரில் வேறு மாதிரி போட்டிருந்தால் நம்பாதே, பேப்பர்காரன் எதை வேண்டுமானாலும் எழுதுவான்.

தையல்காரருக்கு விதி அப்படி. யார் என்ன செய்ய முடியும்?

அம்மாவை ஒரு நாள் கோயிலுக்கோ கடைக்கோ கூட்டிக்கொண்டு போ. நீயும் வெளியே போன மாதிரி இருக்கும்.

உன் தம்பி


ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நான் இத்தனை நாள் பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. அம்மா சுகம். உன் வீட்டுக்காரி உடம்பு எப்படி இருக்கிறது?

எழுதாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோதே அது பொய் என்று தெரியும். என் கடிதம் ஜூனிலேயே வந்துவிட்டது என்று அவள் எனக்கு எழுதியிருந்தாள், நன்றி சொல்லி. அவள் எழுதியது உனக்குத் தெரியாது. தபால்காரன் மேல் பழி போட்டு நீ எனக்காக ஒரு பொய் சொன்னாய். அதை உண்மை மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு நானும் பேசாமல் இருந்துவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி என்று நினைத்தேன். நிம்மதி வரவில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்தால் அம்மாவும் எழுந்து உட்காருகிறாள். அவளுக்கு என்னவென்று சொல்வது?

பிறகு அந்த வண்டி இங்கேயே வந்தது. எங்கள் பட்டறையில்தான் பழுது பார்க்க வேண்டுமாம். முற்றத்தில் சேறோடு கிடந்தது. யாரும் இல்லாத மதிய நேரம் பார்த்து உள்ளே ஏறினேன்.

எல்லா ஜன்னலிலும் ஸ்குரு அப்படியே இருக்கிறது, தம்பி. முன்கண்ணாடி உடைந்ததால்தான் ஜனங்கள் தப்பியிருக்கிறார்கள். கடைசி வரிசை ஜன்னலில் சிவப்புக் கைப்பிடி இல்லை, முறிந்திருந்தது. யாரோ இழுத்திருக்கிறார். எழுதியிருந்ததை நம்பி இழுத்திருக்கிறார். அந்த ஜன்னலின் ஸ்குருத் தலைகளில் பெயின்ட் சுரண்டப்பட்டு, இரும்பு பளிச்சென்று தெரிந்தது. தாறுமாறாகக் கீறல். சீட்டின் இடுக்கில் முனை வளைந்த கத்தரிக்கோல் ஒன்று கிடந்தது, தையல்காரர்கள் வைத்திருக்கிற பெரிய கத்தரிக்கோல். ஒரு ஸ்குரு முழுசாக வெளியே வந்திருந்தது. இன்னொன்று பாதி. தண்ணீர் ஏற ஏற, தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் கழற்றியிருக்கிறார். நீ அன்றைக்குப் போயிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. போகாதே என்று சொன்னவள் நான்.

போக்குவரத்து அலுவலகத்துக்கு நான் எழுதியதற்குப் பதிலே வரவில்லை. இப்போது விசாரணை அதிகாரி இங்கே வந்தார். ஜன்னல் என்ன நிலையில் இருந்தது என்று கேட்டார். எங்கள் மேலாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், எழுதியும் கொடுத்துவிட்டேன். என்னை ஜன்னல் வேலையிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அது பெரிய விஷயமில்லை.

அடுத்து உன்னைக் கூப்பிடுவார்கள். "தினமும் ஒருவர் கழற்றுவாராம், அன்றைக்கும் கழற்றினாராம், இப்போது இருக்கிற ஸ்குரு பிறகு யாரோ முறுக்கியதாம்" என்று உன் முதலாளியின் வக்கீல் சொல்கிறாராம். நீ எனக்கு எழுதிய அதே பொய். அது எனக்கு ஆறுதல், அவர்களுக்கு விடுதலை. நீ என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்க எனக்கு அருகதை இல்லை. ஒன்று மட்டும்: என்னைக் காப்பாற்ற எதையும் சொல்லாதே.

அக்கா


அக்டோபர் 4

அன்பான அக்காவுக்கு,

அம்மாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே நாள் நெருங்கிவிட்டது. உன் தம்பி மனைவி எழுந்திருக்கப் பத்து நிமிஷம், உட்காரப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்கிறாள். நடுவில் என்னை வேலை வாங்குகிறாள். உனக்கு எழுதியதை அவளே ஒப்புக்கொண்டாள். நான் கோபப்படவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் எழுதியிருப்பேன்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின வாரமே எங்கள் மேனேஜர் அப்புறம் வீட்டுக்கு வந்திருந்தார். இதுவரை என் வாசல் மிதிக்காத மனிதர். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "நீதான் தினமும் கழட்டுவியேப்பா. அன்னிக்கும் கழட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. போலீஸ் கேஸையும் வாபஸ் வாங்கிடறோம். மறுநாளே வண்டிச் சாவி உன் கையில." 

நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை அக்கா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். குழந்தை வரப்போகிறது, வேலை இல்லை. அதைவிட ஒன்று: அந்தப் பொய்யை உனக்கு நான் யாரும் கேட்காமலே எழுதியிருந்தேன். பழகிய பொய். இன்னொரு தடவை சொல்வதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். பிறகு நீ அந்தக் கத்தரிக்கோலைப் பற்றி எழுதினாய். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவள் சொன்னாள்: "உங்களை வீட்டில உட்கார வச்சது நான். போய் உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. கேஸு வந்தா வரட்டும், பார்த்துக்கலாம்."

போன செவ்வாய்க்கிழமை விசாரணை. மாடியில் ஒரு சின்ன அறை, மேலே மின்விசிறி, பெஞ்சில் இடம் பற்றாமல் பாதிப்பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆமை கையில் கட்டோடு வந்திருந்தான். தையல்காரரின் மனைவியும் வந்திருந்தார். அவரை எனக்கு அடையாளம் காட்டியபோது கால் தானாகப் பின்னால் போனது.

அதிகாரி கேட்டார், "நீங்க தினமும் ஸ்குருவைக் கழட்டுவீங்களா?"

"ஆமா சார்."

"சம்பவத்துக்கு முந்தின நாள்?"

"கழட்டலை. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்திட்டேன்."

வக்கீல் எழுந்து, கம்பெனி சொல்லித்தான் மூடினார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆமை எழுந்துவிட்டான். மெதுவாகத்தான் பேசினான், அவன் வழக்கம் அது: "அத்தாட்சி எதுக்குங்க? கீழ வாங்க. நாங்க வந்த கம்பெனி வண்டி வாசல்லதான் நிக்குது. இழுத்துப் பாருங்க." அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு இறங்கினார். எல்லோரும் பின்னால் போனோம். அவரே ஏறி இழுத்தார். கைப்பிடி ஆடியது, ஜன்னல் அசையவில்லை. இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் இழுத்தார். வேர்த்துவிட்டது. அத்தனை நடந்த பிறகும் அவர்கள் கழற்றவில்லை, அக்கா. கழற்றலாம் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

அன்றைக்கே எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் திறக்கிறது என்று காட்டிய பிறகுதான் ஓட்ட வேண்டுமாம். முதலாளி மேல்முறையீடு போகிறார். அப்புறத்தை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், எல்லாம் அவர் செய்ததாம். என் மேல் இருக்கிற போலீஸ் கேஸ் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு நடுவிலும் ஒரு தண்ணீர் லாரி ஓட்டக் கிடைத்திருக்கிறது. நான் ஒருவன்தான் உள்ளே, இரண்டு பக்கமும் கதவு.

படியில் இறங்கும்போது தையல்காரரின் மனைவி என்னை நிறுத்தினார். "நீங்கதானே கழட்டிக்கிட்டு இருந்தவர்?" என்றார். தலையாட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். "ஒரு ஸ்குருவை அவரே கழட்டிட்டாராமே" என்றார். "ஆமாம்மா, இன்னொண்ணு பாதி வரைக்கும்" என்றேன். "கை வேகம் அவருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த மூன்று வார்த்தையை நான் இன்னும் இறக்கி வைக்க முடியாமல் சுமந்துகொண்டு திரிகிறேன். 

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், விசாரணை ஏட்டில் இருப்பது எப்படியும் உன் கண்ணில் படும். அதிகாரி கடைசியாகக் கேட்டார்: "அவ்வளவு நாள் செஞ்சவர், ஏன் திடீர்னு நிறுத்தினீங்க? யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை சார், எனக்கே பயமா இருந்துச்சு" என்றேன்.

அன்றைக்கு அந்த அறையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்துவிடு.

உன் தம்பி